எதிர்வீட்டில் ஒரு பாட்டி: கோலாலம்பூர் ஃபிளாட்டில் வயதானவர்களோடு அக்கம்பக்கமாகக் குடியிருக்க

சுங்கை சிப்புட்டிலிருந்து வேலைக்காகக் கோலாலம்பூர் வந்தபோது எனக்கு 23 வயது. செந்தூலில் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஃபிளாட் ஒன்றில், நான்காவது மாடியில், இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். எதிர்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார், வயது 76, ஒரே மகன் ஜொகூரில். அந்த வீட்டில் நான் ஆறு வருடம் இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் கற்றதைத்தான் இப்போது குடியேறப் போகிற தம்பி தங்கைகளுக்கும், வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறதே யாருக்காவது விடலாமா என்று யோசிக்கிற பெரியவர்களுக்கும் எழுதுகிறேன்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று பத்து வீடு இருக்கும். அம்மா அப்பா இருட்டோடு பால்மரம் சீவப் போனதும் பிள்ளைகள் ஆயா கொட்டகையில், அங்கே வயதான ஒரு அம்மா எல்லாப் பிள்ளைக்கும் ஆயா. ஆனால் லயத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் இருபது வருடமாகத் தெரியும், அதனால் எதையும் வாய்விட்டுப் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. ஃபிளாட்டில் நேற்று வந்தவர் நீங்கள். இங்கே பேசித்தான் ஆக வேண்டும், அதுவும் ஆரம்பத்திலேயே.

வெளிநாட்டில் இதை ஒரு திட்டமாகவே நடத்துகிறார்கள். நெதர்லாந்தில் டெவன்டர் என்ற ஊரில் உள்ள ஹுமானிடாஸ் முதியோர் இல்லத்தில், 2012 வாக்கிலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை தருகிறார்கள். மாணவர்கள் மாதம் 30 மணி நேரம் அங்குள்ள முதியவர்களுக்கு நல்ல அக்கம்பக்கத்தாராக இருக்க வேண்டும். கூடச் சாப்பிடுவது, பேசுவது, கணினி கற்றுத் தருவது, அவ்வளவுதான், நர்ஸ் வேலை அவர்களுடையது இல்லை. சுவீடனில் ஹெல்சிங்போரியில் 2019ல் திறந்த செல்போ என்ற கட்டடத்தில் 51 வீடுகள். பாதிக்கு மேல் 70 வயது தாண்டியவர்களுக்கு, மீதி 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு, வாரம் இரண்டு மணி நேரமாவது மற்றவர்களோடு கலந்து பழகுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் குடிபோகிறார்கள். இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். நம்மிடம் பாசத்துக்குக் குறைவே இல்லை, இந்தக் கணக்குதான் இல்லை.

எங்கே தேடுவது

இதற்கென்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்தைத் தேடி அலைய வேண்டாம். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கிற பழைய ஃபிளாட்களில் முப்பது நாற்பது வருடமாகக் குடியிருப்பவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள், காலியான வீடுகளுக்கு வேலை செய்கிற இளைஞர்கள் வருகிறார்கள். வயது கலந்த குடியிருப்பு தானாகவே உருவாகிவிட்டது.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, நான் செய்ததுபோல அதே மாடியில் தனி வீடு எடுப்பது. அதுதான் எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் நல்லது, இருவருக்கும் அவரவர் கதவு, அவரவர் அடுப்பு. இரண்டாவது, பெரியவர் வீட்டில் ஒரு அறை எடுப்பது. 'இந்தியர்களுக்கு இல்லை' என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிற வீட்டுக்காரர்கள் உள்ள ஊர் இது, அந்த வலியை அனுபவித்தவர்களுக்கு நம் ஆட்களில் ஒரு பெரியவர் வீட்டு அறை பெரிய நிம்மதி. மூன்றாவது, குடும்பமாக இருப்பவர்கள் பெற்றோருக்கு அதே கட்டடத்தில் இன்னொரு சின்ன வீடு எடுப்பது, அல்லது ஒரே வாசலுக்குள் இரண்டு தனி வீடாகப் பிரித்த டூவல் கீ கொண்டோ வாங்குவது. சிங்கப்பூரில் பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனைக்கு வரும் அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்கினால் அரசாங்கமே மானியம் கொடுக்கிறது. இங்கே நம் சொந்தக் காசுதான், இருந்தாலும் அந்த நான்கு கிலோமீட்டர் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் கோலாலம்பூர் சாலை நெரிசலில் 'பக்கத்தில் இருக்கிறேன்' என்று சொல்வதற்கு அர்த்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு இருக்கிற பிபிஆர் எனும் அரசாங்க மலிவு வீடுகளில் அறையை வெளியாளுக்கு உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை. ஒரு பாட்டி பாசத்தோடு கூப்பிட்டாலும் போகாதீர்கள், பிரச்சினை வந்தால் வீட்டையே இழப்பது அவர்தான்.

வீட்டைப் பார்க்கும்போது

ஏஜென்ட் காட்டுகிற நேரத்தில் ஒருமுறை, அப்புறம் நீங்களாகவே ஒரு வேலை நாள் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை போங்கள். கீழே பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். லிஃப்ட் இருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை கெட்டுப்போகிறது, தண்ணீர்த் தடை வந்தால் என்ன செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் திருட்டு உண்டா, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி இப்படிப்பட்ட கட்டடங்களை ஜேஎம்பி அல்லது எம்சி என்ற உரிமையாளர் குழு பராமரிக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம் பாதிப் பேர் கட்டாத கட்டடத்தில் படிக்கட்டு விளக்குகூட எரியாது, அந்த இருட்டுப் படியில் முதலில் விழப்போவது வயதானவர்தான்.

பக்கத்தில் அரசாங்க மருத்துவ நிலையமான கிளினிக் கெசிஹாத்தான் இருக்கிறதா, அக்கம்பக்கத்தார் சங்கமான ருக்குன் தெத்தாங்காவின் கூடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ருக்குன் தெத்தாங்கா 1975ல் தொடங்கிய அமைப்பு, பல தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இன்னும் உயிரோடு இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு சமூகநல இலாகாவான ஜேகேஎம் ஆதரவில் நடக்கும் 'பாவே' என்ற முதியோர் நடவடிக்கை நடுவம் அருகில் இருந்தால் இன்னும் நல்லது, பகலில் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் போக ஒரு இடம் இருக்கும், உங்களை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

முதல் வாரம்

குடிவந்த அன்றே போகத் தேவையில்லை, மூன்று நான்கு நாளுக்குள் போனால் போதும். ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் சர்க்கரை நோய் இருக்கலாம், அதனால் லட்டு வேண்டாம், பழம் நல்லது. பெரும்பாலும் முதல் கேள்வி 'எந்தத் தோட்டம்?' என்றுதான் வரும். அதற்குப் பதில் சொல்லுங்கள், அதில் தப்பில்லை, பல பெரியவர்களுக்கு அதுதான் உங்களை நிறுத்திவைத்துப் பார்க்க ஒரு இடம். அதைத் தொடர்ந்து சாதி தேடுகிற கேள்வி வந்தால் மட்டும் 'அது எதுக்கு பாட்டி' என்று மெதுவாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தினேன். மறுபடி அவர் கேட்கவில்லை.

முதல் வாரத்தில் கட்டாயம் செய்ய வேண்டியது, அவருடைய பிள்ளையிடம் பேசுவது. பாட்டியின் போனிலிருந்தே வாட்சப் வீடியோவில் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, 'அண்ணே, நான் எதிர்வீட்டில் இருக்கேன், இதுதான் என் நம்பர்' என்று முகம் காட்டிச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் நீங்கள் செய்கிற ஒவ்வொரு நல்லதும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் அம்மாவின் வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒருவர் போய் வந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

அப்புறம் அடையாளம் ஒன்று பேசிக்கொள்ளுங்கள். நம் ஃபிளாட்களில் வெளியே இரும்பு கிரில், உள்ளே மரக்கதவு. எங்கள் பாட்டி காலையில் எழுந்ததும் மரக்கதவைத் திறந்துவிட்டு கிரிலை மட்டும் பூட்டி வைப்பார். உள்ளே மின்னல் எஃப்எம் ஓடும், சாம்பிராணி வாசனை வராந்தா வரைக்கும் வரும். நான் வேலைக்குக் கிளம்பும் ஏழரை மணிக்குக் கதவு திறந்திருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம், மூடியிருந்தால் தட்ட வேண்டும். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம், அவரைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

நேரத்தைச் சொல்லிவிடுங்கள்

நான் பெரிதாகத் தவறியது இதில்தான். முதல் மாதமே 'எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க பாட்டி, நான் உங்க பேத்தி மாதிரி' என்று சொல்லிவிட்டேன். மனதாரச் சொன்னதுதான். பாட்டியும் அதை மனதார எடுத்துக்கொண்டார். டிவி ரிமோட்டுக்கு ஒருமுறை, பல்புக்கு ஒருமுறை, மகன் போன் எடுக்கவில்லை என்று ஒருமுறை, சும்மா பேச இரண்டுமுறை. வேலை முடிந்து நான்கு மாடி ஏறி வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கிரில் சத்தம் கேட்கும். மூன்றாவது மாதம் நான் சப்பாத்தை வெளியே வைக்காமல் உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்தேன், ஆள் இல்லை என்று நினைக்கட்டும் என்று.

ஒரு சனிக்கிழமை படிக்கட்டில் எதிரே வந்தவர் நின்று, 'சப்பாத்த உள்ள வச்சுட்டா நீ வீட்டுல இல்லன்னு அர்த்தமாம்மா?' என்று கேட்டார். கோபமே இல்லை குரலில். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் போய் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் யாரோடும் பேச முடியாத அளவுக்குக் களைத்துவிடுகிறேன், உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று. அவர் உடனே, 'அத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல' என்றார். செவ்வாய் மாலை ஒரு மணி நேரம், சனிக்கிழமை காலை பசாருக்குப் போய் வருவது, இரண்டும் உறுதி. மற்ற நாளில் அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுவது. பல்பும் ரிமோட்டும் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கும். அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் வரவில்லை.

பாட்டி, தாத்தா, ஆண்டி, அங்கிள் என்று முதல் நாளே முறை வைத்துக் கூப்பிடுவது நம் பழக்கம், அதை விட வேண்டியதில்லை. ஆனால் முறை சொல்லிக் கூப்பிட்டவுடனே பேத்தி செய்ய வேண்டியதெல்லாம் நம் தலையில் ஏறிவிடுகிறது, நாமும் ஏற்றிக்கொள்கிறோம், மூன்று மாதத்தில் ஓடி ஒளிகிறோம். கூப்பிடுவது பாட்டி என்று இருக்கட்டும், ஒத்துக்கொள்வது ஒரு அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய அளவுக்கு இருக்கட்டும்.

உதவி என்றால் என்ன என்பதும் போகப்போகத்தான் தெரியும். 14 கிலோ கேஸ் தோம்பை அடுப்படிவரை நகர்த்தி வைப்பது, தண்ணீர்த் தடை அறிவித்தால் முதல் நாள் இரவே அவர் வீட்டு வாளிகளையும் நிரப்பிவிடுவது, அரசாங்க உதவித்தொகையான எஸ்டிஆர் விண்ணப்பத்தைப் போனில் திறந்து காட்டுவது, தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பார்க்கக் கூட்டிப்போவது. எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், காய்ச்சலில் படுத்திருந்தபோது கிரிலில் தொங்கிய ரசம் கேரியர். கொரியர் வந்தால் வாங்கி வைக்க ஒரு ஆள். அம்மா இறந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போக மனமில்லாமல் இருந்தேன், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவர் அவர்தான்.

பணம், சாவி, மருந்து

இந்த மூன்றிலும் இளகிய மனம் ஆகாது.

ஏடிஎம் கார்டை வாங்காதீர்கள், ரகசிய எண்ணைக் காதில்கூட வாங்காதீர்கள். பணம் எடுக்க வேண்டுமென்றால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாத நிலை என்றால் அது மகனோ மகளோ வந்து தீர்க்க வேண்டிய விஷயம். கடைக்குப் போய் வந்தால் ரசீதும் மீதிச் சில்லறையும் அன்றே கொடுங்கள். எங்கள் பாட்டி வீட்டில் மேசைமேல் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. நான் ரசீதில் சில்லறையைச் சுற்றி அதில் போட்டுவிடுவேன், மாதக் கடைசியில் மகன் வரும்போது அவரும் பார்ப்பார். கடன் கேட்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

போன் மோசடிக்கு இந்த ஊரில் பணத்தை இழந்த பெரியவர்கள் ஏராளம். போலீஸ் என்பார்கள், நீதிமன்றம் என்பார்கள், உங்கள் பெயரில் பார்சல் மாட்டியிருக்கிறது என்பார்கள். பெரிய எழுத்தில் 997 என்று எழுதிப் போன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள், அது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுவதற்கு முன்னால் அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், வேகம்தான் அங்கே முக்கியம். எங்கள் பாட்டியிடம் நான் சொல்லி வைத்திருந்தது: 'யாரு பேசினாலும் சரி, பணம்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா போன வச்சுட்டு என் கதவத் தட்டுங்க.' இதற்கு மட்டும் செவ்வாய்க்கிழமை கணக்கு கிடையாது. நடுராத்திரி தட்டினாலும் திறப்பேன் என்றேன்.

மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கலாம், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து இருக்க வேண்டும், உள்ளே போக நேர்ந்தால் கூட இன்னொருவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மருந்தை கிளினிக்கிலிருந்து வாங்கி வரலாம், எது எத்தனை என்று டப்பாவில் எழுதியதைப் படித்துக் காட்டலாம். கூட்டிக் குறைத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

அறை எடுப்பவர்களுக்கு

ஒரே கூரைக்குள் இருக்கப் போகிறீர்கள் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், பெரியவர் 'எதுக்கும்மா அதெல்லாம்' என்று சொன்னாலும். ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டுங்கள், இல்லையென்றால் அபராதம். இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்பது இங்குள்ள பொதுவான வழக்கம், பெரியவரிடம் பேசிக் குறைக்கலாம்.

உதவிக்காக வாடகையைக் குறைக்கிறார் என்றால் முழு வாடகை எவ்வளவு, எவ்வளவு குறைகிறது, அதற்கு எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். ஜெர்மனியில் இப்படித் தங்குகிற மாணவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வாடகைக்குப் பதிலாக அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேர வேலை, மின்சாரம் தண்ணீர் தனி. நம் ஃபிளாட்டில் நூறு சதுர அடி அறை என்றால் ஒன்பது சதுர மீட்டர் சொச்சம், ஆக வாரம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை, ஆனால் 'வாடகை வேணாம், வீட்டோட இரு' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். வாடகையே இல்லாத அறை பல நேரம் எல்லாவற்றையும்விட விலை அதிகமாக முடியும்.

அடுப்படியில் மாட்டிறைச்சி சமைக்கலாமா, வெள்ளிக்கிழமை சைவம் மட்டும்தானா, நண்பர்கள் வரலாமா, கால் சென்டர் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்குத் தூங்குகிறவருக்கு ரேடியோ சத்தம் எவ்வளவு. இதெல்லாம் குடிபுகுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை இரவு பதினொரு மணிக்கு வந்தால் ஏன் என்று கேட்காதீர்கள், கல்யாணம் எப்போது என்றும் கேட்காதீர்கள். வாடகை கொடுப்பவர் அவர். சொந்தப் பேரப்பிள்ளைகள் போன் எடுக்காமல் இருப்பதற்குக் காரணம் சில நேரம் இந்தக் கேள்விகள்தான்.

விழுந்துவிட்டால்

நான்காவது வருடம் ஒரு காலை ஏழரைக்கு மரக்கதவு மூடியிருந்தது. தட்டினேன், போன் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டு அங்கிளைக் கூப்பிட்டுக்கொண்டு சாவி போட்டுத் திறந்தோம். குளியலறை வாசலில் கிடந்தார், நினைவு இருந்தது, ஐந்து மணியிலிருந்து அப்படியே கிடக்கிறாராம். 'நீ வேலைக்குக் கெளம்புற நேரம் வரும்னு தெரியும்மா' என்றார்.

உடனே தூக்கி உட்கார வைக்கத்தான் கை போகும். தூக்காதீர்கள், எலும்பு முறிந்திருக்கலாம். போர்வை போர்த்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே 999ஐக் கூப்பிடுங்கள். பிளாக் எண், மாடி, லிஃப்ட் இல்லை என்பது, மூன்றையும் சொல்லுங்கள், ஒருவர் கீழே கேட்டில் போய் நின்று வழியை மறிக்கும் கார்களை நகர்த்தச் சொல்லட்டும். ஐசி (அடையாள அட்டை) நகல், கிளினிக் அட்டை, மருந்துப் பட்டியல், மகனின் எண் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில் கதவுக்குப் பின்னால் தொங்க வேண்டும். எங்களிடம் இருந்தது, அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது. மாட்டவில்லை என்றால் இன்றைக்கே மாட்டுங்கள்.

பாட்டி இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். அதற்குள் மகன் குளியலறையில் கைப்பிடி போட்டார், வழுக்காத விரிப்பு வாங்கினார், உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற மாதிரி மாற்றினார். மூன்றும் விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை, முதல் வாரத்தில் குடும்பத்தோடு பேசும்போதே சொல்லிவிடுங்கள். தனியாக இருக்கும் ஒருவரைக் கவனிக்க யாருமே இல்லை, அல்லது வீட்டார் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பட்டால் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999ஐக் கூப்பிடுங்கள். அது உங்களால் தனியாகத் தீர்க்கக் கூடியதில்லை.

கிளம்பும்போது

நீங்கள் என்றைக்காவது போய்விடுவீர்கள். கல்யாணம், வேலை மாற்றம், சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், சாமான் லாரி வருகிற அன்று சொன்னால் அந்த மனது தாங்காது. உங்கள் இடத்துக்கு வருகிறவரைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள், மகனிடமும் வீடியோவில் காட்டுங்கள். சாவியை அந்தப் புதியவரிடம் நேராகக் கொடுக்காதீர்கள், பாட்டியிடமே திருப்பிக் கொடுங்கள், கொடுப்பதா வேண்டாமா என்று அவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், எனக்குப் பதிலாக வந்த தைப்பிங் பெண்ணை ஏழரை மணிக்கு வராந்தாவில் நிறுத்தி எதிர்வீட்டைக் காட்டினேன். கிரில் பூட்டியிருந்தது, மரக்கதவு திறந்திருந்தது. 'இப்படி இருந்தா நீ போகலாம்' என்றேன். உள்ளேயிருந்து பாட்டி, 'யாரும்மா அது, புதுப் பிள்ளையா? எந்தத் தோட்டம்?' என்றார்.